இரண்டாவது அட்டை

1

இந்தக் கதை எங்கே பிறந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மரக்காணத்துக்குப் பக்கத்தில், சுனாமிக்குப் பிறகு மாதாமாதம் நடந்த ஒரு மருத்துவ முகாமில், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து நான் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணின் படிவத்தில், எட்டாவது கட்டத்தில், 'எடுத்தாச்சு' என்று எழுதினேன். அங்கிருந்துதான் இது கிளம்பியது. மற்ற எழுத்தாளர்களுக்கு மனதில் ஏதோ பொறி தட்டுமாம். எனக்குத் தட்டியதெல்லாம் எரிச்சல்தான். அதில் பாதி ஊரார் மேல், பாதி என் மேல்.

நான் கீழ்புத்துப்பட்டில் பள்ளிக்கூட டீச்சர். சிறுபத்திரிகைகளில் மூன்று கதைகள் வந்திருக்கின்றன. அதனால் எது நடந்தாலும் உட்கார்ந்து எழுத ஆரம்பித்துவிடும் கெட்ட பழக்கம் உண்டு.

இன்று செவ்வாய். வியாழக்கிழமை புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆனந்தம்மாள் என்கிற ஐம்பத்தேழு வயதுப் பெண்ணுக்குப் பரிசோதனை முடிவைச் சொல்லப்போகிறார்கள். அவள் கர்ப்பப்பையில் இருப்பது வெறும் தடிப்பா, புற்றா என்று. அது ஏன் வந்தது என்று அங்கிருக்கும் டாக்டருக்குத் தெரியாது. ஆனந்தம்மாளுக்கும் தெரியாது. தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி கொளஞ்சியம்மாள், இந்தக் கதை அவளைப் பற்றியது. இன்னொருத்தி நான்.

[இருவரும் என்னைவிட மூத்தவர்கள். நேரில் 'நீங்க, வாங்க' என்றுதான் பேசுவேன். பேனாவை எடுத்ததும் இரண்டு பேரையும் 'அவள்' ஆக்கிவிட்டேன். யாரிடமும் கேட்கவில்லை.]

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாளாகத் திண்டாடுகிறேன்.

தொடக்கம் ஒன்று: "விடியற்காலை வெளிச்சத்தில் மரக்காணத்து உப்புப் பாத்திகள் வானத்தைத் தங்களுக்குள்—"

விட்டுவிட்டேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் படம் பிடிக்கிறவர்கள் அந்த வேலையைப் பார்த்துக்கொள்வார்கள்.

தொடக்கம் இரண்டு: "மனிதர்களின் வரலாற்றில் உப்பு என்பது—"

இது ஆறாம் வகுப்புக் கட்டுரை. மதிப்பெண் போடலாம், கதை ஆகாது.

தொடக்கம் மூன்று: "காலையில் கொளஞ்சியம்மாள் மூன்று தவணையில் எழுந்திருப்பாள்."

இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு போகிறேன். முதல் தவணையில் பாயில் புரண்டு சுவர்ப்பக்கம் வருவாள். இரண்டாவதில் இரண்டு கையாலும் வலது முழங்காலைப் பிடித்து, மடக்கி, நீட்டி, அது மசிகிறதா என்று பார்ப்பாள். மூன்றாவதில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, மகன் அய்யனாரின் காதில் விழாமல் ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு நிமிர்வாள். அந்தக் கெட்ட வார்த்தை இல்லாமல் முட்டி நிமிராது என்பது அவள் அனுபவம். பிறகு இருட்டு பிரிவதற்குள் உப்பளத்துக்கு நடக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பாத்தியில் கால் வைக்க முடியாது.

உப்பளத்தில் பெண்களுக்கு வேலை ஜோடியாகத்தான். ஒருத்தி குந்தி உட்கார்ந்து உப்பை அள்ளிக் கூடையை நிரப்பி, எழுந்து, அடுத்தவள் தலைக்குத் தூக்கிவிடுவாள். அடுத்தவள் அதைச் சுமந்து, வழுக்கும் வரப்பில் ஏறி, மேட்டில் கொட்டிவிட்டு வருவாள். இருபது கூடைக்கு ஒருமுறை இடம் மாறுவார்கள். குந்தினாலும் முட்டி, ஏறினாலும் முட்டி. மேஸ்திரி ஆதிமூலம் நோட்டில் பெயர்களை இரண்டிரண்டாகத்தான் எழுதுவார். ஒருத்தி நின்றுவிட்டால் மற்றவளுக்கும் வேலை போச்சு. புது ஜோடி தேடினால், ஐம்பதைத் தாண்டியவளோடு எவள் சேருவாள்?

கொளஞ்சியம்மாளின் ஜோடி ஆனந்தம்மாள். பத்தொன்பது வருஷம். கல்யாண ஜோடிகளே அவ்வளவு நாள் ஒழுங்காக இருப்பதில்லை. கொளஞ்சியின் வீட்டுக்காரர் பதினோரு வருஷத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒருத்தி அம்மன் கோயில், இன்னொருத்தி மாதா கோயில். கூடைக்கு அது தெரியாது.

ஜோடிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எது கிடைத்தாலும் பாதி. டீ வந்தால் பாதி, வெற்றிலை பாதி, திருவிழாவுக்கு முதலாளி கொடுக்கும் முறுக்குப் பொட்டலம் பாதி. ஒருத்தி தனியாகத் தின்றாள் என்று பேர் வந்துவிட்டால், அதைவிடக் கேவலம் உப்பளத்தில் கிடையாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் இதன் மேல்தான் நடக்கிறது.

3

இப்போது கொளஞ்சியின் முட்டி ஏன் அவ்வளவு சீக்கிரம் போனது என்று சொல்ல வேண்டும். சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

அவளுக்கு முப்பத்துநாலு வயதில் பெரும்பாடு. மாதத்தில் பத்து நாள் போகும். அந்த நிலையில் உப்புத் தண்ணீரில் நின்றால் தொடை இடுக்கு புண்ணாகிவிடும். ஒரு தனியார் நர்சிங் ஹோமுக்குப் போனாள். எந்த ஊர் என்று எழுதப்போவதில்லை. அங்கே இருந்த டாக்டர் அவளைத் தொட்டுப் பார்த்த நேரத்தைவிட, அவள் வீட்டுக்காரரிடம் பேசிய நேரம் அதிகம். பிள்ளைதான் பிறந்துவிட்டதே, இனிமேல் பை எதற்கு, எடுத்துவிட்டால் மாதம் முழுக்க வேலைக்குப் போகலாம் என்றார். கைநாட்டு வாங்கிக்கொண்டு எடுத்துவிட்டார்கள். பையோடு சேர்த்து இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். அதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. பதினேழு வருஷம் கழித்து முகாமில் பழைய சீட்டைப் பார்த்து நாங்கள்தான் சொன்னோம்.

அன்றைக்கு அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை. வீட்டில் திருட்டுப் போய்ப் பதினேழு வருஷம் கழித்து என்னென்ன போனது என்று போலீஸ் வந்து பட்டியல் வாசித்தால் எப்படி இருக்கும்? திருடன் யார் என்று தெரியும். கேஸ் கிடையாது.

ஆபரேஷன் முடிந்த அடுத்த மாதமே உடம்புக்குள் தீ பிடித்தது. இருட்டு பிரியாத குளிரில், மற்றவர்கள் முந்தானையைப் போர்த்திக்கொண்டு நிற்கும்போது இவளுக்கு மட்டும் நெற்றியிலிருந்து வியர்வை ஓடும். உப்பளத்தில் நிற்கிறவள் 'சூடா இருக்குது' என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சிரித்தார்கள். ஆனந்தம்மாள் மட்டும் சிரிக்காமல் தன் ஈரத் துண்டை எடுத்து அவள் கழுத்தில் போடுவாள். நாற்பது வயதுக்குள் மூட்டுகள் பிடித்துக்கொண்டன. நாற்பத்தைந்தில் வலது முட்டி வீங்கி உருண்டுவிட்டது. சினைப்பையை அவ்வளவு சின்ன வயதில் எடுத்துவிட்டால் எலும்பும் மூட்டும் சீக்கிரம் முதிர்ந்துவிடலாம் என்று முகாம் டாக்டரம்மா எனக்கு விளக்கினார். கூடையும் குந்தலும் மீதியைப் பார்த்துக்கொண்டன.

4

2005 ஜூலை. சுனாமிக்குப் பிறகு எங்கள் கரைக்கு வராத பொருள் இல்லை. கம்பளிச் சட்டை வந்தது. குதிகால் உயர்ந்த செருப்பு ஒரு மூட்டை வந்தது. முகாமும் வந்தது. ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனிக்கிழமை, சர்ச்சுக்குச் சொந்தமான கூடத்தில். படிவம் நிரப்பவும் மருந்து எடுத்துக் கொடுக்கவும் நான் போனேன்.

படிவத்தில் எட்டாவது கட்டம்: 'கர்ப்பப்பை: உண்டு / எடுத்தாச்சு.' கொளஞ்சியிடம் கேட்டேன். சொன்னாள். எழுதினேன்.

டாக்டரம்மா அவளுக்கு ஹார்மோன் மாத்திரை கொடுத்தார். உடம்பில் இல்லாமல் போன பெண் சுரப்பு நீரை வெளியிலிருந்து கொடுப்பது. சூட்டுக்கு நன்றாகக் கேட்கும், தூக்கம் வரும் என்றார். மூட்டுக்கும் கேட்குமா என்று கொளஞ்சி கேட்டாள். சிலருக்குக் கொஞ்சம் கேட்கிறது, உறுதியாகச் சொல்ல முடியாது என்று நேர்மையாகத்தான் பதில் வந்தது. 'உறுதியாகச் சொல்ல முடியாது' என்பது கொளஞ்சியின் காதில் விழவில்லை. வலிக்கிறவளின் காதில் எப்படி விழும்?

[இந்த மாத்திரையை யாருக்குக் கொடுக்கலாம், எத்தனை நாள் கொடுக்கலாம் என்று வெளிநாடுகளில் டாக்டர்களுக்குள் பெரிய சண்டை நடக்கிறதாம். டாக்டரம்மாதான் சொன்னார். சண்டை எங்கள் ஊருக்கு வரவில்லை, மாத்திரை மட்டும் பெட்டியில் வந்து இறங்கியது.]

கொளஞ்சி எழுந்து போனதும் டாக்டரம்மா என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திச் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன்.

"டீச்சர், எட்டாவது கட்டத்தைப் பார்க்காம இந்த மாத்திரை அட்டையை யாருக்கும் எடுத்துக் கொடுத்துடாதீங்க. பை இருக்கிறவங்க இதைத் தனியாச் சாப்பிட்டா உள்ளே சவ்வு தடிச்சுக்கிட்டே போகும். கேன்சர்ல கொண்டுபோய் விட்டுடலாம்."

தலையாட்டினேன். எனக்குச் சொன்னார். எனக்குத் தெரிந்தது. கொளஞ்சிக்கு யாரும் சொல்லவில்லை. வரிசையில் இன்னும் அறுபது பேர் நின்றார்கள் என்பது என் சமாதானம். 'இதை வேற யாருக்கும் குடுக்காதீங்க' என்று சொல்ல எத்தனை வினாடி ஆகும்? வகுப்பில் 'கையைக் கட்டு, வாயில் விரலை வை' என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்கிறவள் நான்.

5

மாத்திரை வேலை செய்தது. இதை மறைத்து எழுதினால் கதை பொய்யாகிவிடும். பதினைந்து நாளில் சூடு அடங்கியது. விடிய விடியத் தூங்கினாள். காலையில் மூன்று தவணை இரண்டானது. மாத்திரையாலா, தூக்கத்தாலா, மழை பெய்து உப்பளத்தில் வேலை நின்ற சில நாள் ஓய்வாலா என்று எனக்குத் தெரியாது. கொளஞ்சிக்குச் சந்தேகமே இல்லை.

ஆனந்தம்மாளின் முட்டி கொளஞ்சியுடையதைவிட மோசம். மூன்று வருஷமாகக் கோயிலில் முழங்காலிட முடியவில்லை. எல்லாரும் முழங்காலில் நிற்க, இவள் மட்டும் தூணோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அது அவளுக்குச் சுமை தூக்குவதைவிடப் பெரிய வேதனை. ஆண்டவர் முன்னால் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்பாள்.

இப்போது நான் கொளஞ்சியைச் சந்தேகப்பட வேண்டும். கதை எழுதுகிறவள் அதைச் செய்யாவிட்டால் வாசகர் செய்வார். அடுத்த சீசனுக்கு ஜோடி உடைந்துவிடக் கூடாதே என்கிற சுயநலத்தில் கொடுத்தாளா? பிரியத்தில் கொடுத்தாளா? பக்கம் பக்கமாக யோசித்து எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். அவளிடமே கேட்டபோது, என்ன கேட்கிறேன் என்றே அவளுக்குப் புரியவில்லை. மாத்திரை கிடைத்தது, பாதி கொடுத்தாள். டீயைக் கொடுப்பதற்கு யாராவது காரணம் சொல்வார்களா?

பாக்குவெட்டியால் மாத்திரையை நடுவில் வெட்டினாள். ஆளுக்குப் பாதி. அதில் சூடு திரும்பிவிட்டது. அடுத்த முகாமுக்கு வந்தபோது, அட்டையை நாய் தூக்கிக்கொண்டு போய்விட்டது என்றாள்.

நான் சிரித்தேன். நாய்க்கு என்ன முட்டிவலியா என்று கேட்டேன். அவளும் சிரித்தாள். இரண்டாவது அட்டையை எடுத்துக் கொடுத்தேன். நோட்டில் ஒன்று என்றுதான் எழுதினேன். அடுத்த மாதம் அவள் கேட்கவே இல்லை, நானாகவே இரண்டு வைத்தேன். ஏழைப் பெண்ணுக்கு ஓர் அட்டை கூடக் கொடுத்ததில் எனக்கு உள்ளூரப் பெருமை. அன்றைக்கு வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன்.

அந்த இரண்டாவது அட்டை முழுசாக ஆனந்தம்மாளுக்குப் போனது. ஒன்பது மாதம். எட்டாவது கட்டத்தில் 'உண்டு' என்று எழுதியிருக்க வேண்டிய ஆனந்தம்மாளுக்கு.

6

2006 ஜனவரி. பாத்திகளை மிதித்துக் கெட்டிப்படுத்தும் வேலை தொடங்கிய வாரத்தில் ஆனந்தம்மாளுக்குத் தீட்டுப் பட்டது. எட்டு வருஷம் முன்னாலேயே நின்று போனது அது. அவள் பயப்படவில்லை. கொளஞ்சியிடம் ரகசியமாகச் சொல்லிவிட்டுச் சிரித்தாளாம்.

"ஏண்டி கொளஞ்சி, மறுபடி வயசுக்கு வந்துட்டேன்டி. மாத்திரை வேலை செய்யுது."

இருவரும் அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார்கள். இளமையைக் கொடுக்கும் மாத்திரை, இளமையைக் கொடுத்துவிட்டது. முட்டி நன்றாகத்தானே இருக்கிறது? கொளஞ்சிக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்திருக்கிறது. தனக்கு ஏன் அப்படி வரவில்லை என்று யோசித்திருக்கிறாள். பை இருந்தால்தானே வரும் என்று பிறகு அவளே தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாளாம். அதற்கு அடுத்த கேள்வியை அவள் கேட்கவில்லை. அதைக் கேட்கிற அளவுக்கு அவளுக்கு எவரும் எதுவும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தர வேண்டியவள் சனிக்கிழமை தவறாமல் அட்டை எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஜனவரியில் தொடங்கியது ஏப்ரல் வரை நிற்கவே இல்லை. ஆனந்தம்மாள் வெளுத்துக்கொண்டே வந்தாள். மகள் பிரிசில்லாவிடம்கூடச் சொல்லவில்லை. ஐம்பத்தேழு வயதில் துணி வைக்கிறேன் என்று எந்த வாயால் மகளிடம் சொல்வாள்?

இந்த இடத்தில் எழுத்தாளர் புத்தி என்ன செய்தது தெரியுமா? இதோ, அடிக்காமல் விட்டிருக்கிறேன், பாருங்கள்: "கூடையோடு வரப்பில் சரிந்தாள். மலையாய்க் குவிந்த வெள்ளை உப்பின் மேல் செந்நிறமாய்—"

அப்படி எதுவும் நடக்கவில்லை. வெள்ளையில் சிவப்பு அழகாக இருக்கும் என்று என் கை தானாக எழுதியது. ஒரு பெண்ணுக்கு ரத்தம் போனதை நிறப்பொருத்தம் பார்த்து எழுதும் கையை என்ன செய்வது? நிஜத்தில் நடந்தது பெரிய வெள்ளிக்கிழமை. அந்த வருஷம் ஆனந்தம்மாள் நாற்காலி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சிலுவைப் பாதையில் நின்று ஜெபிக்கும் ஒவ்வொரு நிலையிலும் எல்லாரோடும் சேர்ந்து முழங்காலிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் வியந்தார்கள். பன்னிரண்டாவது நிலையில் முழங்காலிட்டவள் எழுந்திருக்கவில்லை. ஜெபத்தில் ஆழ்ந்துவிட்டாள் என்று நினைத்துக் கூட்டம் அடுத்த நிலைக்கு நகர்ந்துவிட்டது. பிரிசில்லா திரும்பிப் பார்த்து ஓடி வந்தபோது, உடம்பு சில்லிட்டுப் போயிருந்தது.

புதுச்சேரியில் இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே சவ்வு கெட்டியாகத் தடித்திருக்கிறது, சுரண்டி எடுத்து அனுப்பியிருக்கிறோம், வியாழக்கிழமை முடிவு வரும், பார்த்துவிட்டுப் பையை எடுப்பதா என்று சொல்கிறோம் என்றார்கள்.

7

பெரிய வெள்ளி முடிந்து ஒரு வாரம் கழித்து, போன வெள்ளிக்கிழமை மதியம் கொளஞ்சியம்மாள் என் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் சத்துணவு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேப்ப மரத்தடிக்கு வரச் சொன்னேன். உட்காரவில்லை. ஆனந்தம்மாளின் நிலைமையைச் சொன்னாள். ஸ்கேன் எடுப்பதற்கு முன்னால் டாக்டர் ஆனந்தம்மாளிடம், பை இருக்கிறதா, ஹார்மோன் மாத்திரை ஏதாவது சாப்பிட்டீங்களா என்று கேட்டாராம். அந்தக் கேள்வி கொளஞ்சிக்கு எங்கேயோ கேட்ட மாதிரி இருந்திருக்கிறது. இரண்டு நாள் யோசித்திருக்கிறாள். அதைக் கேட்கத்தான் வந்தாள்.

"பை இருக்குதா எடுத்தாச்சான்னு அன்னிக்கு எங்கிட்ட கேட்டீங்களே டீச்சர். எதுக்குக் கேட்டீங்க?"

பொய் சொல்லப் பார்த்தேன். எல்லாருக்கும் கேட்பதுதான் என்று ஆரம்பித்தேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சொன்னேன். சவ்வு, தடிப்பு, அதற்கு மேல் நடக்கக்கூடியது, எல்லாவற்றையும். டாக்டரம்மா எனக்கு என்றைக்குச் சொன்னார் என்பதையும் சேர்த்து.

பிள்ளைகள் தட்டு கழுவும் சத்தம் கேட்டது.

"உனக்குத் தெரிஞ்சிருக்குது," என்றாள். "தெரிஞ்சும் ரெண்டு அட்டை குடுத்திருக்கிற."

பத்து மாதப் பழக்கத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. ஆனந்தம்மாவுக்குக் கொடுப்பீர்கள் என்று எனக்குத் தெரியாதே என்றேன். அந்தப் பதிலுக்கு அவள் துப்பினாள். என் மேல் இல்லை, மண்ணில்தான். உப்பளத்து ஜோடிகள் பாதிப் பாதி என்பது மரக்காணத்தில் நாய்க்குக்கூடத் தெரியும் என்றாள். சரிதான். எனக்கும் தெரியும். அதை வைத்து ஒரு கதையே எழுதி, பாராட்டுக் கடிதமும் வாங்கியிருக்கிறேன்.

பிறகு மீதியைச் சொன்னாள். டாக்டர் கேட்டதற்கு ஆனந்தம்மாள், மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை என்று அடித்துச் சொல்லிவிட்டாளாம். உண்மையைச் சொன்னால் கொளஞ்சியின் பெயரை முகாமில் அடித்துவிடுவார்கள், அவளுக்கு மாத்திரை நின்றுவிடும் என்று. சீட்டில் அப்படியே எழுதிவிட்டார்கள்.

அதுகூடப் பரவாயில்லை. ஆஸ்பத்திரிப் படுக்கையில், ஜெபமாலை டப்பாவுக்குள் மீதி மாத்திரையை வைத்துக்கொண்டு, தினமும் ஒன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

8

கொளஞ்சி அன்று என்னிடமிருந்து நேராகப் புதுச்சேரிக்குப் போனாள். மறுநாள் பஸ் நிற்கும் இடத்தில் பார்த்தபோது அவளே சொன்னது இது. போகும்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனாள். படுக்கையில் வெளுத்துக் கிடந்தவளைப் பார்த்ததும், நான்தான் உன்னை இப்படிப் படுக்க வைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த மாத்திரையைக் கொடு அக்கா என்று மட்டும் கேட்டாள். எதற்கு என்று ஆனந்தம்மாள் கேட்டாள். இனிமேல் உனக்கு வேண்டாம் என்றாள் கொளஞ்சி. டப்பாவைத் தலையணைக்கு அடியில் தள்ளிக்கொண்டு ஆனந்தம்மாள் கேட்டாளாம்:

"நான் நல்லா முழங்கால் போட்டது பொறுக்கலையாடி உனக்கு?"

பத்தொன்பது வருஷத்தில் தனியாகத் தின்கிறவள் என்ற பேர் வாங்காதவள், அன்றைக்கு வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

இதுவரை நடந்தது. இனிமேல் நடக்க வேண்டியதை நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ. கொளஞ்சி திரும்பிப் போகிறாள். கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்கிறாள். ஆனந்தம்மாள் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்க்கிறாள். பிறகு, பையை எடுத்துட்டா நானும் உன்னை மாதிரி ஆயிடுவேன், அப்புறம் ரெண்டு பேரும் ஒண்ணாவே மாத்திரை சாப்பிடலாம்ல என்று சிரிக்கிறாள். [இந்த வரியை எழுதியதும் எனக்கு ஒரே சந்தோஷம். நல்ல வரி என்று. என்னை எதால் அடிப்பது?]

முடிவு ஆ. சொல்கிறாள். ஆனந்தம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். ஜோடி முறிகிறது. ஆதிமூலம் நோட்டில் இரண்டு பெயரையும்—

முடிவு இ. சொல்லவில்லை. டப்பாவைத் திருடிக்கொண்டு வந்துவிடுகிறாள். வியாழக்கிழமை டாக்டர் பையை எடுக்கச் சொல்கிறார். மாத்திரையால் வந்தது என்று தெரிந்திருந்தால் ஒருவேளை நிறுத்திவிட்டு, வேறு மருந்து கொடுத்துக் காத்துப் பார்த்திருக்கலாம். யாருக்கும் தெரியாமல் ஆபரேஷன் நடக்கிறது. கொளஞ்சி காலமெல்லாம்—

9

இன்று புதன். நேற்று எழுதியதை நிறுத்திய இடத்தில் கொளஞ்சி மறுபடி வந்தாள். இம்முறை வீட்டுக்கே. மேசை மேல் காகிதங்களைப் பார்த்து என்ன என்று கேட்டாள். சொன்னேன். படிக்கச் சொன்னாள். முதலிலிருந்து மூன்று முடிவுகள் வரை படித்துக் காட்டினேன். முட்டியை நீட்டி வைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து கேட்டாள். மூன்று தவணை என்ற இடத்தில் தலையாட்டினாள். கெட்ட வார்த்தை பற்றிய இடத்தில், அய்யனாருக்குத் தெரியும், அவனும் அதையேதான் சொல்கிறான் என்றாள்.

முடிவுகளைக் கேட்டதும் முகம் மாறியது.

"மூணுலயும் நானே பேசுறேன், நானே அழுவுறேன், நானே திருடுறேன். மாத்திரை எடுத்துக் குடுத்தவ எங்க? அவ எந்த முடிவுலயும் ஆஸ்பத்திரிப் பக்கமே வரலையே."

காகிதங்களை மறுபடி புரட்டினேன். அவள் சொல்லித்தான் பார்த்தேன். இருபது பக்கத்தில் என்னை நான் நன்றாகத்தான் திட்டியிருக்கிறேன். ஒரு வரியில் எழுத்தாளர்களுக்குப் பொறி தட்டுவதைக் கிண்டல் செய்து, இன்னொரு வரியில் என் கையைக் குறை சொல்லி. திட்டிக்கொண்டே இருந்தால் எழுந்து போக வேண்டியதில்லை. டாக்டர் முன்னால் போய், ஒரே பெயரில் இரண்டு அட்டை கொடுத்தது நான்தான் என்று சொன்னால் எனக்கு என்ன ஆகிவிடும்? முகாம்காரர்கள் வர வேண்டாம் என்பார்கள். டாக்டரம்மா முகத்தில் விழிக்க முடியாது. ஊரில் பேசுவார்கள். ஸ்கூலுக்கு மொட்டைக் கடிதம் போகும். இவ்வளவுதான். இதற்குப் பயந்துதான் வெள்ளியிலிருந்து தினமும் எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். அங்கே தினமும் ஒரு மாத்திரை உள்ளே போனது.

கொளஞ்சி சுவரைப் பிடித்து எழுந்தாள். நான் கை கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

"காலையில ஏழு மணி பஸ்ஸுல நான் போறேன். அக்கா காதுல விழற மாதிரி, டாக்டர் எதிர்ல, நீங்க சொல்லணும். நான் சொன்னா அக்கா நம்பாது, பொறாமையில சொல்றேன்னுதான் நினைக்கும். சொல்லி முடிச்சதும் அக்கா என்னைய அடிக்கட்டும், உங்களையும் அடிக்கட்டும். ஆளுக்குப் பாதி."

வாசல் தாண்டியவள் நின்று, கதையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். முடிவு எழுத வேண்டாமாம். எழுதிவிட்டால் நீங்கள் போக மாட்டீர்கள் என்றாள்.

10

வியாழக்கிழமை. ஏழுக்குப் பத்து நிமிஷம் இருக்கிறது. பஸ் நிற்கும் இடம் வீட்டிலிருந்து இரண்டு நிமிஷம்.

நான் ஏறினேனா என்று நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவீர்கள். ஏறினேன் என்று இங்கே எழுதினால் நிம்மதியாகப் பக்கத்தை மூடிவிடுவீர்கள், டீச்சர் கடைசியில் நல்லவள்தான் என்று. செய்வதற்கு முன்னாலேயே அந்தப் பேரை எழுதி வாங்கிக்கொள்ள நான் தயாரில்லை. ஏறவில்லை என்று எழுதினாலும் அதே மோசடிதான். எவ்வளவு துணிச்சலாக ஒப்புக்கொள்கிறாள் என்று அதற்கும் பாராட்டுக் கடிதம் வரும். ஆகவே முடிவு கிடையாது. கோபப்படுகிறவர்கள் படலாம். எனக்கு வேண்டியதும் அதுதான்.

இந்தக் கதையில் எத்தனையோ வரிகளைத் தொடங்கி அடித்தேன். அதனால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடிக்க வேண்டிய வரி ஒன்று புதுச்சேரியில், ஆனந்தம்மாளின் கட்டில் காலில் தொங்கும் சீட்டில் இருக்கிறது: மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை.